எலும்பில் முளைக்கும் முண்டுகள்: எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்

குழந்தையைக் குளிக்க வைக்கும்போதுதான் பெரும்பாலும் இது கைக்குத் தட்டுப்படும். முட்டிக்குக் கொஞ்சம் மேலே, தொடையின் உட்பக்கம், கெட்டியாக ஒரு முண்டு. அழுத்தினால் வலிக்காது, அசையாது. எங்கேயோ விழுந்து வீங்கியிருக்கும் என்று எண்ணெய் தடவி விடுவார்கள். அப்புறம் மேல்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. அப்போதுதான் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "அப்புச்சிக்கும் முழங்கால்கிட்ட இப்படித்தானுங்க ஒண்ணு இருந்துச்சு."

அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்கு ரொம்பப் பயன்படும். உடம்பில் ஒரே ஒரு எலும்பு முண்டு இருப்பது பலரிடமும் காணப்படுவதுதான். அது பரம்பரை நோய் இல்லை. ஆனால் பல இடங்களில் முண்டு இருந்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால், அது பரம்பரையாக வரும் பல எலும்பு முண்டு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். சீட்டில் 'ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ்' என்றோ, சுருக்கமாக எச்.எம்.இ. என்றோ எழுதுவார்கள். சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 34.5 லட்சம் பேர். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு மாவட்டத்திலேயே எழுபது பேர் சுமாருக்கு இருக்கலாம். ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் எல்லாம் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாததால், ஒவ்வொரு குடும்பமும் உலகத்திலேயே நம் பிள்ளைக்குத்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறது.

நோய் உறுதியானதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எல்லாத்தையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்துட முடியுங்களா டாக்டர்?" முடியாது. எடுக்கவும் தேவையில்லை. பெரும்பாலான முண்டுகள் ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில முண்டுகளை மட்டும், சரியான வயதில், எடுத்தே ஆக வேண்டும். எவை அந்தச் சில என்று புரிய, எலும்பு எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முண்டு எங்கிருந்து வருகிறது?

கை கால்களில் உள்ள நீண்ட எலும்புகள் நடுவில் நீள்வதில்லை. ஒவ்வொரு எலும்பின் முனைக்கு அருகிலும் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. இந்த வளர்ச்சித் தகட்டில் புதுச் செல்கள் உண்டாகி, வரிசையாக அடுக்கி நின்று, பிறகு கெட்டி எலும்பாக மாறும். பிள்ளைகள் உயரமாவது இப்படித்தான். பெண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டியும் பெரும்பாலான தகடுகள் மூடிக்கொள்ளும். அதோடு வளர்த்தி நின்றுவிடும்.

தகட்டில் உள்ள செல்கள் எந்தத் திசையில், எவ்வளவு வளர வேண்டும் என்பதை முறைப்படுத்துவதில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கட்டும் வேலையை இஎக்ஸ்டி-1, இஎக்ஸ்டி-2 என்ற இரண்டு மரபணுக்கள் பார்க்கின்றன. முதலாவது 8-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இரண்டாவது 11-ஆம் குரோமோசோமில். இவற்றில் ஒன்றில் பழுது இருந்தால் சங்கிலி குறைந்துபோகும். தகட்டின் ஓரத்தில் சில செல்கள் நீளவாக்கில் போகாமல் பக்கவாட்டில் முளைத்துவிடும். அதுதான் முண்டு. அதன் அடிப்பகுதி சாதாரண எலும்பேதான். உச்சியில் மட்டும் ஒரு குருத்தெலும்புத் தொப்பி இருக்கும். முண்டை வளர்ப்பது அந்தத் தொப்பி.

தகடு மூடியதும் தொப்பியும் வளர்வதை நிறுத்திவிடும். அதனால்தான் இது வளரும் வயதின் நோய். எலும்பு நீளும்போது முண்டு முளைத்த இடத்திலேயே நின்றுவிட, தகடு தள்ளிப்போகும். ஐந்து வயதில் முட்டியை ஒட்டி இருந்த முண்டு, பன்னிரண்டு வயதில் சில விரற்கடை மேலே ஏறிவிட்டதாகத் தெரிவது இதனால்தான். அது நகரவில்லை, எலும்புதான் நீண்டிருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதில் இந்த விஷயம் முக்கியம். தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முண்டைச் சின்ன வயதிலேயே எடுக்கப் போனால் தகட்டுக்கே காயம் பட்டு, அந்த எலும்பின் வளர்த்தி கெடலாம். முண்டு திரும்ப முளைக்கவும் வாய்ப்பு அதிகம். அவசரம் இல்லாத முண்டு என்றால், அது தகட்டைவிட்டு விலகும்வரை காத்திருப்பதே நல்லது.

"சொந்தத்துல கட்டுனதாலயா?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது, கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று கடைசியில் பழி பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவள் தலையில்தான் விழும். இரண்டுமே உண்மை இல்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும் நோய்கள் இருக்கின்றன. சொந்தத்தில் திருமணம் செய்தால் அவற்றின் ஆபத்து கூடும். எச்.எம்.இ. அந்த வகை இல்லை. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வெளிப்படும். அது இருப்பவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சுமார் பத்தில் ஒருவருக்கு, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவே வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டம், அதாவது குலம், நமக்கு அப்பா வழியில் மட்டும் வருகிறது. மரபணு இரண்டு வழியிலும் வரும். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்கும்போது பங்காளிகளை மட்டும் நினைத்துப் பார்த்து "இல்லீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மாவைப் பெற்ற அம்மாயி, அப்புச்சி, மாமன், பெரியம்மா, அவர்கள் மக்கள் எல்லாரையும் விசாரித்துக்கொண்டு போங்கள். பெண்களுக்கு இது பல நேரம் லேசாகவே இருக்கும். தனக்கு இருப்பதே தெரியாமல் இருந்த அம்மாவின் முட்டியைத் தடவிப் பார்த்த பிறகு விடை கிடைப்பதும் உண்டு.

எப்போது கத்தி தேவை?

முண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது அக்கம்பக்கத்தை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஓடினால் தசைநார் அதன்மேல் உரசி வலிக்கிறதா? மேலே ஒரு நீர்ப்பை உண்டாகி வீங்குகிறதா? மூட்டை முழுதாக மடக்க முடியாமல் தடுக்கிறதா? நரம்பையோ ரத்தக் குழாயையோ அழுத்துகிறதா? எலும்பை வளைத்து, கட்டையாக்குகிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் அந்த முண்டை எடுப்பதைப் பற்றிப் பேசலாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பிள்ளை மனசு உடைந்துபோனால் அதையும் காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பள்ளியில் அரைக்கால் சட்டை போட மாட்டேன் என்று அழும் பையனின் சங்கடத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் எந்த ஆபரேஷனுக்கும் ஒரு தழும்பு உண்டு என்பதையும் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

நரம்பு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே, கெண்டைக்கால் ஒல்லி எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்க வைப்பது அதுதான். அந்த இடத்தில் முண்டு வளர்ந்தால் நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்க ஆரம்பிக்கும். வீட்டில் முதலில் தெரியும் அடையாளம் சின்னதாக இருக்கும். ஒரு கால் செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும், அல்லது சமதரையில் நடக்கும்போதே பிள்ளை அடிக்கடி தடுக்கி விழும். உடனே காட்ட வேண்டும். இந்த மாதிரி இடத்தில் கட்டிப்போட்டு, எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். உருவுவதால் எலும்பு கரையாது, நரம்புதான் நசுங்கும்.

முதுகெலும்புக்குள் முண்டு முளைத்துத் தண்டுவடத்தை அழுத்துவது அரிது. ஆனால் இரண்டு காலிலும் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது போன்றவை தெரிந்தால் அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

முன்கை: கொஞ்சம் சிக்கலான கதை

முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. இரண்டும் ஒரே அளவில் நீண்டால்தான் கை நேராக இருக்கும், உள்ளங்கையைத் திருப்பவும் முடியும். அல்னா மணிக்கட்டுப் பக்கம் ஒல்லியானது. ஆனால் அதன் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒல்லி முனையிலிருந்துதான் வருகிறது. அதே அளவு முண்டு ரேடியஸில் வந்தால் சமாளித்துவிடும். அல்னாவில் வந்தால் தகட்டின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும், எலும்பு கட்டையாகிவிடும். ஒரே நுகத்தில் பூட்டிய காங்கேயம் காளைகள் இரண்டில் ஒன்று பின்தங்கினால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும் அல்லவா? இங்கேயும் அதே நிலைமைதான். பின்தங்கிய அல்னா இழுக்க, ரேடியஸ் வில்லாக வளைகிறது, கை சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. ரொம்பப் போனால் ரேடியஸின் மேல்முனை முழங்கையில் இடம் நழுவிவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கச் சொல்லுங்கள். திருநீறு வாங்க நீட்டுவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்லுங்கள், பிறகு அப்படியே கீழே. முழங்கை விலகாமல், தோள் சாயாமல் இரண்டும் முழுதாக வருகிறதா? இரண்டு கையும் ஒன்றுபோல் வருகிறதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. எந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதும் முக்கியம். சாப்பிட, காசு வாங்க உள்ளங்கை மேலே வர வேண்டும். தையல் மெஷினில் துணியைத் தள்ள, கீபோர்டில் தட்டச்சு செய்ய அது கீழே பார்க்க வேண்டும்.

சிகிச்சையில் மூன்று வழிகள் பேசப்படும். முதலாவது, அல்னா முனையில் உள்ள முண்டை மட்டும் எடுத்துவிட்டு வளர்த்தியைக் கவனிப்பது. இரண்டாவது, வளைந்த ரேடியஸை நேராக்குவது. மூன்றாவது, கட்டையான அல்னாவை நீட்டுவது. எலும்பை நீட்ட முடியுமா என்று கேட்காதவர்கள் இல்லை. முடியும். சைபீரியாவில் உள்ள குர்கன் என்ற ஊரில் கவ்ரீல் இலிஸரோவ் என்ற மருத்துவர் 1950-களில் உருவாக்கிய முறை இது. எலும்பைக் கவனமாக வெட்டி, இரண்டு பக்கமும் கம்பிகளைச் செருகி, வெளியே ஒரு சட்டத்தில் மாட்டுவார்கள். ஒரு வாரம் போல விட்டுவிட்டு, அதன் பிறகு திருகைத் திருப்பி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இடைவெளியை விரிப்பார்கள். அதையும் ஒரே மூச்சில் செய்யாமல், கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. அந்த இடைவெளியில் உடம்பே புது எலும்பை உண்டாக்கும். விரித்து முடித்த பிறகு அது கெட்டிப்படவும் காலம் வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீட்டச் சட்டத்தோடு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அந்த மாதங்கள் முழுக்கக் கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே சீழ் பிடிப்பதுதான் அடிக்கடி வரும் தொந்தரவு. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய வீடு, தறி ஓடும் வீடு, பஞ்சுத் தூசி பறக்கும் இடம் என்றால் பிள்ளைக்கு ஒரு சுத்தமான அறையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். திருகைத் திருப்புவது யார், புண்ணைத் துடைப்பது யார் என்று ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

அல்னாவை எப்போது நீட்டுவது, நீட்டத்தான் வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. முன்கை கட்டையாக, வளைந்து இருந்தும் எல்லா வேலையும் செய்துகொள்ளும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். சின்ன வயதில் நீட்டிய எலும்பு மறுபடி பின்தங்குவதும் உண்டு. ரேடியஸ் முழங்கையில் நழுவத் தொடங்குகிறது என்று எக்ஸ்ரேவில் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. நழுவிய பிறகு அதைத் திரும்பப் பொருத்துவது கடினம். வெறும் தோற்றத்துக்காக என்றால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கால் வளைந்தால்

காலில் இதே கணக்கு வேறு மாதிரி வரும். ஒல்லி எலும்பு கட்டையாகி, முட்டிகள் உள்பக்கம் இடித்துக்கொள்ளும், கணுக்கால் வெளிப்பக்கம் சாயும். இதற்கு இப்போது நல்ல வழி ஒன்று உண்டு. எலும்பை வெட்டவே வேண்டியதில்லை. தகட்டின் எந்தப் பக்கம் அதிகமாக வளர்கிறதோ அந்தப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்ட ஒரு சின்ன பிளேட்டை வைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம் அடங்கி நிற்கும், மறுபக்கம் வளர்ந்து சமமாகும். முட்டியில் மாதத்துக்குச் சுமார் ஒரு டிகிரி திருந்தும். பிள்ளை சில நாட்களிலேயே நடந்துவிடும்.

ஆனால் வளர்த்தி மிச்சம் இருக்கும்போதுதான் இது வேலை செய்யும். பதினாறு வயதுப் பையனைக் கொண்டுபோய் பிளேட் வையுங்கள் என்றால் பலன் இல்லை. அப்போது எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும். இன்னொன்று, பிளேட் வைத்த பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் காட்ட வேண்டும். மாரியம்மன் நோம்பி முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் கால் நேராகி, அதையும் தாண்டி மறுபக்கம் வளைய ஆரம்பித்துவிடும். நேரானதும் பிளேட்டை எடுத்துவிடுவார்கள்.

ஆபரேஷனும் அதற்கு முன்பும் பின்பும்

சாதாரண முண்டு நீக்கம் பெரிய ஆபரேஷன் இல்லை. பிள்ளைகளுக்கு முழு மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள். முண்டின் அடிவரை போய், குருத்தெலும்புத் தொப்பியையும் அதன்மேல் உள்ள உறையையும் சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும். தொப்பியில் கொஞ்சம் விட்டுவைத்தால் அது திரும்ப முளைக்கலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று முண்டுகள் தொந்தரவு கொடுத்தால் ஒரே மயக்கத்தில் சேர்த்து எடுப்பதும் வழக்கம். கால் என்றால் சில நாள் ஊன்றுகோல், சில வாரம் ஓட்டமும் விளையாட்டும் கூடாது. முட்டிக்குப் பின்னால், அக்குளில், கெண்டைக்கால் ஒல்லி எலும்பின் கழுத்தில் இருக்கும் முண்டுகள் மட்டும் வேறு ரகம். நரம்பும் ரத்தக் குழாயும் ஒட்டி ஓடும் இடங்கள் அவை. அனுபவம் உள்ள கைகள் வேண்டும்.

எங்கே போவது? கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தனியாரில் கோவை கங்கா மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு ஊர் அறிந்த இடம். எங்கே போனாலும் குழந்தைகள் எலும்பு சிகிச்சையில் தனியாகப் பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வளரும் எலும்பில் கை வைப்பது தனி வேலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். முண்டு வளர்வதை நிறுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. கரைக்கிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வளர்ந்த பிறகு

பிள்ளை பெரியவனாகி வளர்த்தி நின்றதும் பல குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. இதுதான் எனக்குக் கவலை. இந்த நோய் இருப்பவர்களில் நூற்றில் 1 முதல் 5 பேருக்கு, ஆயுளில் எப்போதாவது ஒரு முண்டு குருத்தெலும்புப் புற்றுநோயாக மாறக்கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இருபது வயதுக்கு முன் இது அபூர்வம். இடுப்பு எலும்பு, தோள்பட்டை எலும்பு, தொடையின் மேல்பகுதி ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். உடலின் நடுவை ஒட்டி ஆழத்தில் இருப்பதால் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியாது.

அடையாளம் எளிது. வளர்த்தி நின்ற பிறகு எந்த முண்டும் பெரிதாகக் கூடாது. முன்பு வலிக்காதது இப்போது வலிக்கக் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொப்பியின் தடிமனை அளப்பார்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தடிமனான தொப்பி இருப்பது சகஜம். பெரியவர்களுக்கு அது 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். இந்தப் புற்றுநோய் கீமோவுக்கும் கதிர் சிகிச்சைக்கும் சரியாகக் கட்டுப்படுவதில்லை. முழுதாக வெட்டி எடுப்பதே முக்கிய சிகிச்சை. அதனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது.

கர்ப்பமாகும் பெண்கள், இடுப்பு எலும்பில் முண்டு இருப்பதை முதல் செக்கப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரசவம் எந்த வழியில் என்பதை அது மாற்றக்கூடும். பிள்ளைக்கும் வந்திருக்கிறதா என்று கர்ப்பத்திலேயே பார்க்க நினைப்பவர்கள், அதற்கு முன் குடும்பத்தில் எந்த மரபணுவில் பழுது என்று ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.

சின்ன வயது எக்ஸ்ரேக்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எடுத்த முண்டின் பரிசோதனை ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். போனில் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதில் இடுப்பில் ஒரு வலி என்று போகும்போது, முண்டு வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கப் போவது அந்தப் பழைய படத்தோடுதான்.